வேலம்பாளையத்து ஆல்ட்டர் கும்மி

"எடுங்க! மொதல்ல இந்த ஸ்டிக்கரை எடுங்க! நானென்ன உங்க கம்பெனி பனியனுங்களா?"

செல்லாத்தாள் போட்ட சத்தத்தில் மாரியம்மன் கோயில் வேம்பில் அடைந்திருந்த காக்கைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றின. இது நமக்கான சண்டை இல்லை என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்துகொண்டன.

"எடுக்க மாட்டனுங்க செல்லாத்தாக்கா. தப்புப் பண்ணுனா ஸ்டிக்கர்னு அன்னைக்கே எல்லாரையும் வெச்சுத்தான சொன்னேன்? நீங்களும் தலையாட்டுனீங்கல்ல?" என்றாள் சண்முகப்பிரியா. ஸ்டிக்கர் சுருள் வளையல் மாதிரி அவள் மணிக்கட்டில் தொங்கியது.

"பாட்டுக்கு ஆட்டுனனுங்க! ஸ்டிக்கருக்கு ஆட்டல!"

"அரைச்சுத்து இடது பக்கம். நீங்க வலது பக்கம் திரும்பி நதியா மேல மோதுனீங்க. நேத்தும் மோதுனீங்க."

"மோதுனா என்னங்க? அவளா வந்து அழுதா? ஏம்புள்ள நதியா, நீ அழுதியா?"

"இல்லக்கா, சிரிச்சேன்," என்றாள் நதியா. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, லைன் வீட்டில் குடியிருக்கிற பெண். "அதுக்குத்தேன் எனக்கும் ஒண்ணு ஒட்டிட்டாக." தோளைத் திருப்பிக் காட்டினாள். அங்கேயும் ஒரு சிவப்பு அம்பு.

இந்தக் கொங்குப் பக்கத்தில் ஆள் ஆளை அடித்துக்கொள்ளப் போனாலும் 'ங்க' விடுபடாது. அதனால் தூரத்திலிருந்து கேட்டவர்கள் ஏதோ விருந்துக்கு அழைக்கிறார்கள் என்றுகூட நினைத்திருக்கலாம். கிட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் செல்லாத்தாளின் மூக்கு விடைத்திருந்தது தெரிந்தது.

ஸ்டிக்கர் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பனியன் கம்பெனியில் தைத்து வந்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிற பெண்கள், ஓட்டையோ கறையோ தையல் பிசகோ கண்ணில் பட்டால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு வாங்கிய துணி ஆல்ட்டருக்குப் போகும். பிரித்து மறுபடி தைக்கிற மூலைக்கு அந்தப் பெயர். இப்படி அம்பு ஒட்டுகிற பெண்களுக்கெல்லாம் தலைவி சண்முகப்பிரியா. எக்ஸ்போர்ட் கம்பெனியில் கியூ.சி. இன்சார்ஜ். கல்யாண வீட்டில் மணப்பெண்ணை வாழ்த்தக் குனிந்தவள், ரவிக்கைத் தையலைப் பார்த்துவிட்டு முகம் சுளித்து நிமிர்ந்த கதை வீதிக்கே தெரியும். அவள் புருஷன் மருதாசலம், சட்டையை முன்னும் பின்னும் காட்டிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார் என்பதும் தெரியும்.

அப்படிப்பட்டவள் கும்மிக்கு வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். லிங்கசாமி வாத்தியார் ஞாயிறு தோறும் காங்கேயத்திலிருந்து வண்டியில் வந்து, கோயில் மைதானத்தில் வள்ளிக் கும்மி சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய புதிது. இப்போதெல்லாம் கொங்கு நாட்டில் கும்மி தட்டாத ஊருக்குப் பெண் எடுக்க யோசிப்பார்கள் போல, அப்படிப் பரவிக் கிடக்கிறது. மற்ற நாட்களில் அவர் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுப் பழகிக்கொள்ள வேண்டியது. முதல் சில மாதம், மொத்தக் கூட்டத்திலும் மோசமாகத் தட்டியது சண்முகப்பிரியாதான். எல்லோரும் குனிந்தால் அவள் நிமிர்வாள். அதற்கு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போய்த் தோசை சுடும்போதும் பாடிக்கொண்டே காலால் தாளம் போடுவாள். தோசை கருகும். பெண்டாட்டி பாட்டுப் பாடுகிறாளே என்ற ஆச்சரியத்தில் மருதாசலம் கருகியதையும் வாய் திறக்காமல் தின்றார்.

கெட்டது கார்த்திகை மாதம் பெருமாநல்லூரில் நடந்த ஒரு காதுகுத்தில். அங்கே சண்முகப்பிரியாவின் அண்ணன் மனைவி தரணி ஒரு கும்மிக் குழு வைத்திருக்கிறாள். நூல் பிடித்த மாதிரி வரிசை, ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே அளவு பூ. அந்தக் குழு ஆடி முடித்த கையோடு, பந்தியில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் வைத்துக்கொண்டு தரணி சொன்னாள்: "எங்க அம்மிணிக்கு அடுத்தவங்க செஞ்சதச் செக் பண்ணத் தெரியும். ஆடத் தெரியாது, பாவம்."

பந்தியே சிரித்தது. அண்ணனும் சிரித்தான். அது கறிச்சோற்றைவிட அதிக நேரம் சண்முகப்பிரியாவின் வயிற்றில் கிடந்தது.

"சித்திரையில எங்கூரு மாரியம்மன் நோம்பிக்கு வாங்க நங்கை," என்று அண்ணன் மனைவியை அழைத்தாள். "கும்மி பாருங்க. ஒரு கை பிசகாது."

வாயிலிருந்து வந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் ஸ்டிக்கர் சுருளும் வந்துவிட்டது. வாத்தியார் இல்லாத நாட்களின் பயிற்சியை அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

அதன் விளைவுதான் இன்றைக்குச் செல்லாத்தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. செல்லாத்தாள் சொந்தமாகப் பவர் டேபிள் தையல் மெசின்கள் போட்டு, எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற முதலாளி. பத்துப் பேரை வேலை வாங்குகிறவள். அவளுக்கே அம்பா?

"இதோட நிறுத்திக்கலாமுங்க," என்றாள் செல்லாத்தாள். முதுகில் கை எட்டாததால் அம்பு அங்கேயே இருந்தது. "அம்போடவே போறனுங்க. ஏனுங்க, அம்பு வாங்குனவீங்க எல்லாம் என்ற கூட வாங்க. ஆல்ட்டர் தனியா நடக்கட்டும்!"

சும்மா மிரட்டல் என்றுதான் சண்முகப்பிரியா நினைத்தாள். நதியா முதலில் கிளம்பினாள். அவள் பின்னால் ஒருத்தி, இன்னொருத்தி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வட்டம் கழன்று போனது. இத்தனை பேருக்கா ஒட்டினோம் என்று அவளுக்கே திகைப்பு. இருந்தாலும் முகத்தில் காட்டவில்லை.

"போறவங்க போகட்டும். நல்ல பீஸ் இருந்தாப் போதும்," என்று ஸ்பீக்கரைப் போட்டாள்.

போனவர்கள் தூரம் போகவில்லை. மைதானத்துக்கு இடது புறம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. அதன் காலடியில் ஒரு காலி இடம். அங்கே ஸ்பீக்கர் இல்லை, வாத்தியார் பாட்டு இல்லை. செல்லாத்தாளே பாடினாள். அவளுக்குப் பாட்டில் பாதி மறந்துபோகும். மறந்த இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டு நிரப்புவாள்.

"வேலை எடுத்து வந்தானாம், வேலம்பாளையம் ஸ்டாப்பிலே!
ஷிப்டு முடியட்டும்னு சொன்னாளாம், வள்ளிப்புள்ள கேட்டிலே!"

முருகனைக் கம்பெனி கேட்டில் காத்திருக்க வைத்ததும் நதியா போட்ட குலவையில் லைன் வீடுகளின் கதவெல்லாம் திறந்தன. மறுநாள் ஒண்ணரை ஷிப்ட் முடித்து வந்த ஒடிசாப் பெண்கள் இரண்டு பேர் சாப்பாட்டுத் தூக்கோடு நின்று பார்த்தார்கள். அதற்கடுத்த நாள் தூக்கைக் கீழே வைத்தார்கள். கும்மி என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் ஆடுவதை ஆடினார்கள். யாரும் தடுக்கவில்லை. செல்லாத்தாள் அந்த ஆட்டத்தில் ஒரு இடுப்பு வெட்டைக் கற்றுக்கொண்டு, அதைக் கும்மிக்குள் செருகிவிட்டாள். தன்னைத் தானே 'ஆல்ட்டர் டீம்' என்று வேறு அழைத்துக்கொண்டது அந்தக் கூட்டம்.

இந்தப் பக்கம் மைதானத்தில் நல்ல பீஸ்களுக்குத் தலைவலி வரத் தொடங்கியது. ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குக் கால் சுளுக்கு, ஒருத்தியின் மாமியாருக்கு மூச்சுத் திணறல். அந்த மாமியாரே தொட்டியடியில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்ததைப் பால்காரர் வந்து சொன்னார். சண்முகப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. தரணி வேறு போன் செய்து, "நாங்க வேன் பேசிட்டோம் அம்மிணி, எல்லாரும் வர்றோம்," என்று சொல்லிவிட்டாள். வட்டம் இன்னும் சுருங்கினால் ஆடவே முடியாது. ஆடாவிட்டால், அந்தப் பந்திச் சிரிப்பை ஆயுளுக்கும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

நோம்பிக்கு இரண்டு நாள் முன்னால், மிச்சமிருந்தவர்களை வைத்து ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் நடத்தினாள். கும்மிக்கு அப்படி ஒன்று நடந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மருதாசலம் போனில் படம் பிடித்தார். ஒரு கை பிசகவில்லை. ஒரு அம்புகூட ஒட்டவில்லை.

வீட்டில் உட்கார்ந்து வீடியோவைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், சரி. காலைப் பார்த்தாள், சரி.

"எப்படீங்க இருக்குது?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது புள்ள," என்றார் மருதாசலம். "மடிச்சுக் கவர்ல போட்டு அட்டப்பொட்டில அடுக்குனா, இன்னைக்கே லோடு ஏத்தி உட்டுரலாம்."

அவள் முறைத்தாள். அவர் சட்டையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார்.

மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை முகங்களை. செக்கிங் கண் சும்மா இருக்குமா? பிடித்துவிட்டது. எல்லோரும் பரீட்சை எழுதுகிற மாதிரி இறுகிப்போய் ஆடுகிறார்கள். ஒவ்வொருத்தியும் மைதானத்தின் இடது ஓரத்தைப் பார்க்கத் திரும்புகிற அந்த ஒரு நொடியில் மட்டும் முகத்தில் சிரிப்பு. திரும்பி வந்ததும் அணைந்துபோகிறது. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே சிரிப்பு. இடது பக்கம் என்ன இருக்கிறது? தொட்டி இருக்கிறது. சத்தத்தைக் கூட்டினாள். வாத்தியார் பாட்டுக்கு அடியில், தன்னுடைய "ஒண்ணு, ரெண்டு, குனி" என்ற அதட்டலுக்கும் அடியில், தொட்டிப் பக்கத்துக் கெக்கலிப்பு கேட்டது.

ஒரே இடத்தில் எல்லாப் பீஸிலும் ஒரே மாதிரி வந்தால் கோளாறு பீஸில் இல்லை, மெசினில். அவள்தான் நாள் முழுக்கக் கம்பெனியில் இதைச் சொல்லிக்கொண்டிருப்பவள்.

மறுநாள் சாயங்காலம், பயிற்சி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டு, தொட்டித் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். வேவு பார்க்கத்தான் போனாள். பார்த்தால், அவளால் தாங்க முடியவில்லை. எத்தனை தப்பு! ஒருத்தி இரண்டு தட்டு முந்துகிறாள், ஒருத்தி பிந்துகிறாள், மாமியார்க்காரி தனி ஆவர்த்தனம். செல்லாத்தாள் அரைச்சுற்றில் வழக்கம்போல வலது பக்கம் சாய்ந்தாள்.

"இடதுங்க்கா!" என்று கத்திவிட்டாள் சண்முகப்பிரியா.

பாட்டு நின்றது. எல்லோரும் தூணைப் பார்த்தார்கள்.

"அட, வாங்க மேடம்!" என்றாள் செல்லாத்தாள். "தூணுக்கு அம்பு ஒட்ட வந்தீங்களா?"

"இல்லீங்க்கா. சும்மா... இந்தப் பக்கமா..."

"ஏக்கா, இந்தப் பக்கம் சாக்கடையத் தவுத்து ஒண்ணுமில்லையே!" என்றாள் நதியா. சிரிப்பு.

சண்முகப்பிரியா வெளியே வந்தாள். வந்ததை எப்படிச் சொல்வது? கம்பெனியில் தப்பை ஒத்துக்கொள்ள வைக்கத் தெரியும், ஒத்துக்கொள்ளத் தெரியாது.

"நாளைக்கு எங்க நங்கை வர்றாங்க," என்றாள். "அவங்க முன்னால வட்டம் சின்னதாப் போச்சுன்னா சிரிப்பாங்க. நீங்கெல்லாம் வந்தா... ஆனா, இப்படித் தப்பா ஆடுனாலும் சிரிப்பாங்க. எனக்கு ஒண்ணும் புரியலீங்க்கா."

"சிரிக்கட்டுமே," என்றாள் செல்லாத்தாள். "நாம மட்டும் அழுகவா வந்தோம்? காலையில இருந்து நூல் அறுந்துது, கரண்ட் போச்சு, உங்க கம்பெனிக்காரீங்க அம்பு ஒட்டித் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு மண்டைக்குள்ள மெசின் ஓடிட்டே இருக்குதுங்க. இங்க வந்து நாலு தட்டுத் தட்டுனாத்தான் அது நிக்குது. நீங்க இங்கயும் வந்து அதையே ஓட்டுனா, நான் எங்கீங்க போவேன்?" பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாளைக்கு வர்றோம். ஆனா மொதல்ல நீங்க ஒரு சுத்து வாங்க எங்க கூட. பாக்கலாம்."

"எனக்கு உங்க பாட்டுத் தெரியாதுங்க."

"எனக்குந்தான் தெரியாது. பாடலையா?"

சண்முகப்பிரியா உள்ளே இறங்கினாள். மாதக்கணக்காக வட்டத்துக்கு வெளியே நின்றே பழகியவள். உள்ளே காற்றே வேறு மாதிரி இருந்தது. முருகன் பஸ் ஸ்டாப்புக்கு வந்தான். வள்ளி ஷிப்ட் முடியட்டும் என்றாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், எல்லாம் சரியாகவே வந்தது; திமிர் கூடக் கொஞ்சம் வந்தது. அடுத்து ஒடிசாக்காரப் பெண்ணின் இடுப்பு வெட்டு வந்ததா, அவள் அதை எதிர்பார்க்கவில்லையா, தடுமாறி ஒரு காலில் சுற்றி, ஓங்கிய கை நேராக நதியாவின் கொண்டையில் போய் விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. உள்ளேயிருந்து சவுரி முடி கழன்று தரையில் விழுந்தது.

ஒரு நொடி எல்லோரும் சவுரியைப் பார்த்தார்கள்.

"ஆத்தாடி! ஊருக்கே தெரிஞ்சு போச்சே!" என்றாள் நதியா.

சண்முகப்பிரியாவுக்கு அவமானம் வரும் என்று தோன்றியது. அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்புத்தான் வந்தது. முதலில் ஒரு துணுக்கு, பிறகு அடக்க மாட்டாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொட்டித் தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். கார்த்திகை மாதத்துக்குப் பிறகு அவள் இப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று வீதியில் பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறார்கள்.

"இன்னொரு சுத்துங்க்கா," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

நோம்பியன்று மைதானம் நிரம்பி வழிந்தது. சீரியல் விளக்கு, பஞ்சு மிட்டாய், ஒலிபெருக்கி, ஒரு பக்கம் பொங்கல் புகை. பெருமாநல்லூர் வேன் வந்து நின்றது. தரணி பட்டுப்புடவையில் இறங்கி, முன் வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போனை உயர்த்திப் பிடித்தாள். படம் பிடிப்பது பெருமைப்படவா, பிறகு போட்டுக் காட்டிச் சிரிக்கவா என்பது அவளுக்கே வெளிச்சம்.

வட்டம் இறங்கியது. ஆல்ட்டரும் நல்ல பீஸும் மாறி மாறி நின்றார்கள். லிங்கசாமி வாத்தியார் மைக்கைப் பிடித்தார். தட்டு விழுந்தது. முதல் அடி ஒழுங்காகவே போனது. சண்முகப்பிரியா வாய்க்குள் எண்ணிக்கொண்டே தட்டினாள். இரண்டாம் அடி. அரைச்சுற்று.

பாதிப் பேர் இடது பக்கம் திரும்பினார்கள். பாதிப் பேர் வலது பக்கம்.

மொத்த வட்டமும் இரண்டிரண்டு பேராக மூக்கும் மூக்கும் உரச நின்றது. சண்முகப்பிரியாவின் எதிரே செல்லாத்தாளின் முகம். அவ்வளவு கிட்டத்தில் மூக்குத்திக் கல்கூட எண்ணலாம். அங்கே தரணியின் போன். போச்சு, எல்லாம் போச்சு. செல்லாத்தாள் என்ன செய்வது என்று தெரியாமல் கையை விரித்துக்கொண்டு நின்றாள். விரித்த கையைப் பார்த்ததும், யோசிக்கக்கூட இல்லை, சண்முகப்பிரியா அதில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

பட்! பக்கத்து ஜோடி தட்டியது. பட்! அதற்கடுத்த ஜோடி. பட்! பட்! பட்டென்று வட்டத்தைச் சுற்றி ஓடி வந்தது சத்தம், நோம்பிக்குச் சரவெடி கொளுத்தின மாதிரி. கூட்டத்தில் விசில் பறந்தது. வாத்தியார் அசந்துபோய் அதே அடியைத் திரும்பப் பாடினார். மறுபடி தட்டச் சொல்லித்தான். இவர்கள் மறுபடி திரும்பினார்கள், மறுபடி பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம். ஆனால் இப்போது வேறு ஜோடி! யார் சரி, யார் தப்பு என்று ஆடுகிறவர்களுக்கே தெரியவில்லை. ஒடிசாப் பெண்கள் இடுப்பை வெட்ட, மாமியார்க்காரி தனியாக ஒரு சுற்றுச் சுற்ற, செல்லாத்தாள் மைக் இல்லாமலே முருகனை பஸ் ஸ்டாப்பில் இறக்க, லிங்கசாமி வாத்தியார் ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு குபீரென்று சிரித்து, அதையே மைக்கில் எடுத்துப் பாடினார். மைதானமே எழுந்து நின்றுவிட்டது. மருதாசலம் ஒரு நாற்காலி மேல் ஏறிக்கொண்டு, யாரும் கேட்காமலே, "அது என்ற சம்சாரமுங்க! அது என்ற சம்சாரமுங்க!" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பொத்தான் மாற்றிப் போடப்பட்டிருந்தது.

முதல் சுற்று முடிந்து தண்ணீர் குடிக்க வந்த இடத்தில் தரணி பிடித்துக்கொண்டாள்.

"என்ன அம்மிணி இது? ஒருத்தராச்சும் ஒரு பக்கமா இல்லையே!"

சண்முகப்பிரியா இந்தக் கேள்விக்கு மாதக்கணக்காகப் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். குத்தலாக ஒன்று, அடக்கமாக ஒன்று, அண்ணன் காதில் விழுகிற மாதிரி ஒன்று. இப்போது தேடினால் ஒன்றும் அகப்படவில்லை.

"ஆமாங்க நங்கை," என்றாள், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "எப்படி இருந்துச்சு தெரியுங்களா! வாங்க, நீங்களும் வாங்க!"

"நானா? இந்தக் கூத்துலயா? என்ற சீலைய..."

"சீலை கெடக்குது, வாங்க!" கையைப் பிடித்து இழுத்தாள். தரணி செருப்பைக் கழற்ற எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தால், அவள் கால் ஏற்கெனவே அரித்துக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். தலைவி இறங்கியதும் பெருமாநல்லூர்க் கூட்டம் முழுக்க இறங்கியது. இரண்டாம் சுற்றில் மைதானம் கொள்ளவில்லை. அரைச்சுற்று வந்தது. நூல் பிடித்த மாதிரி ஆடுகிற தரணி, ஊரே பார்க்க, வலது பக்கம் திரும்பினாள்.

சண்முகப்பிரியா பார்த்தாள். எதிரே வந்த கையில் ஓங்கித் தட்டினாள். தரணி வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் பெண்டாட்டிக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும்.

பிறகு நடந்தது என்ன என்று கேட்டால், அந்த இரண்டாம் சுற்றில் செல்லாத்தாளுக்கு ஜோடியாக வந்து மாட்டியது பெருமாநல்லூர்ப் பெண் ஒருத்தி, பாங்கில் வேலை. பாட்டு முடிவதற்குள் செல்லாத்தாள் அவள் எந்தக் குலக் கூட்டம், எந்தக் குலதெய்வம், ஜாதகம் எடுத்தாயிற்றா என்பது வரை தட்டுக்கொரு கேள்வியாகக் கேட்டுவிட்டாள். ஆவணியில் செல்லாத்தாளின் பையன் நித்தீஷுக்கும் அந்தப் பெண்ணுக்கும் காங்கேயத்தில் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்த சண்முகப்பிரியா மணப்பெண்ணின் ரவிக்கையைப் பார்க்கத்தான் பார்த்தாள், ஆனால் முகம் சுளிக்கவில்லை. ஒடிசாப் பெண்களில் ஒருத்தி ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு அதே லைன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறாள். நதியா மட்டும்தான் இங்கே இல்லை. அவள் புருஷனுக்குப் பெருமாநல்லூரில் கட்டிங் மாஸ்டர் வேலை கிடைத்து, குடும்பத்தோடு அங்கே போய்விட்டாள். போன வாரமே தரணியின் குழுவில் சேர்ந்தும்விட்டாள். அங்கே இப்போது வரிசை கெட்டுப்போய்விட்டதாகவும், சாயங்காலமானால் சிரிப்புச் சத்தத்தில் அக்கம்பக்கத்தில் டி.வி. பார்க்க முடியவில்லை என்றும் கேள்வி.